சிவப்புக் கொடி பிடித்த படகுக்காரன்

பந்தயத்தைப் பற்றிப் படிக்க நல்ல புத்தகம் எது என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு வந்தவனிடம்! கேட்க வேண்டியதுதான். இந்தத் திண்டுக்கல்லில் படகுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று என்று பந்தயப் புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் ஆள் என்னை விட்டால் யார்? காலேஜில் பாடம் நடத்துகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் வேலை செய்து கொடுக்கப் போயிருக்கிறேன். அலமாரியில் பீங்கான் கிண்ணமும் கரடி பொம்மையும்தான் பார்த்தேன்.

ஆகவே நான் சொல்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் புத்தகங்கள் எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். இங்கிலீஷில் பேரிங் மேல் அடித்திருக்கும் எழுத்தும் நம்பரும் மட்டும் தெரியும். அது போதும் என்று இருந்தவன் நான். போதாது என்று ஒரு படகுக்காரன் எனக்குக் காட்டினான். அந்தக் கதையைச் சொன்னால்தான் எந்தப் புத்தகத்தை முதலில் வாங்க வேண்டும் என்பது உங்களுக்கு விளங்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பழனி ரோட்டுப் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தேன். ஒற்றை லேத்தோடு தொடங்கி மூன்று லேத் ஆக்கினேன். யாரிடமும் போய்க் கை கட்டி நிற்கவில்லை. பம்புசெட் சாஃப்ட், கிரைண்டர் சாஃப்ட், லாரி புஷ் எல்லாம் கடைவோம். ஆனால் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பந்தய மாட்டு வண்டிதான். சக்கரக் குடத்துக்குள் பால் பேரிங் வைத்து எங்கள் பக்கம் முதலில் வண்டி ஓடவிட்டது நான். அதற்கு முன்னால் அச்சில் மை போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என் வண்டியை ஒரு விரலால் தள்ளினால் தெரு முக்கு வரைக்கும் போகும். வத்தலக்குண்டிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் ஆள் வந்து குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்தால் வந்துவிடுமா?

வண்டி நன்றாக இருந்தால் போதாதே. மாடு வேண்டும், ஓட்டுகிறவன் வேண்டும். மாடு ஒரு ஜோடி வாங்கினேன், ஒன்று சாம்பல் நிற மயிலை, ஒன்று செந்நிறச் செவலை. ஓட்டுகிறவன் வீட்டிலேயே கிடைத்தான். என் வீட்டுக்காரியின் தம்பி, எங்களோடுதான் இருந்தான். அவர்களுக்குக் கீரனூர்ப் பக்கம். ஒல்லியான ஆள். பேசினால் ஒரு வார்த்தைக்கு ஒரு ‘ங்க’ போடுவான். சாட்டையைக் கையில் வைத்திருப்பானே தவிர மாட்டின் மேல் படாது. குரல்தான். அவன் நாக்கைச் சப்புக்கொட்டினால் மாடு இரண்டும் காதைப் பின்னால் மடிக்கும்.

எங்கள் பக்கத்துப் பந்தயம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ரோட்டில் கூட்டமாக வண்டிகளை விடுவார்கள். சில மைல் போய் ‘எல்லை’ என்ற இடத்தில் திரும்பி வர வேண்டும். எல்லையில் ஒரு தார் டிரம் நிற்கும். பக்கத்தில் ஒருவர் கொடிகளோடு நிற்பார். டிரம்மைச் சுற்றித் திரும்பும்போது அவர் கையிலிருந்து கொடியை வாங்கிக்கொண்டு வர வேண்டும். கொடியோடு வந்தால்தான் எல்லை தொட்டதற்குச் சாட்சி. முதலில் கொடி பிடித்தவனுக்குத் தனிப் பரிசும் உண்டு. தூரத்தில் புழுதிக்குள்ளிருந்து கொடி தெரிந்தால் போதும், கூட்டம் துண்டைத் தூக்கி வீசும். கொடி என்றால் எங்களுக்கு ஜெயிப்பு. வேறு அர்த்தமே கிடையாது.

அப்படி ஒரு பந்தயத்தில்தான் என் மச்சினன் விழுந்தான். குஜிலியம்பாறைக்குப் போகிற வழியில் ஓர் ஊர். போகும்போது எங்கள் வண்டிதான் முன்னால். எல்லையில் கொடிக்குக் கை நீட்டினான், வண்டி புரண்டது, சக்கரம் இடுப்புக்குக் கீழே ஏறிவிட்டது. ஒரே புழுதி. கொடி கொடுப்பவர் பயந்து ரோட்டோரப் பள்ளத்தில் குதித்துவிட்டார். மைக் கட்டின ஜீப் பின்னால் வந்துகொண்டிருந்தது. என்ன நடந்தது என்று பார்த்த கண் ஒன்றுகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் கால் எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிப் போனது. அது பெரிதில்லை. முந்தின நாள் அவன் எதிர் வண்டிக்காரரோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்ததை எவனோ பார்த்திருக்கிறான். அதை வைத்து ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. “பந்தயத்தை வித்துட்டான்யா. விழுகுற மாதிரி விழுந்தான், அளவு தப்பிப் போச்சு.” எங்கள் பக்கத்தில் ஓட்டுகிறவனைப் பார்த்து அதைவிடக் கேவலமாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து நான் கேட்டுப் பார்த்தேன். அக்கா கேட்டுப் பார்த்தாள். “விழுந்துட்டேனுங்க. அம்புட்டுத்தான்” என்றான். கோயில் திருவிழாவுக்குப் போவதில்லை, டீக்கடைக்குப் போவதில்லை. தொழுவத்துப் பக்கம்கூடப் போகமாட்டான்; மாடு இரண்டும் அவன் குரல் கேட்டால் கத்தும், அதனால் வீட்டுக்குள் மெதுவாகப் பேசுவான். என் வீட்டுக்காரி சமையல்கட்டில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள்: “இப்பிடியே விட்டா என் தம்பி செத்துப் போயிருவான். நீங்கதான பெரிய மெக்கானிக்கு? இதச் சரி பண்ணுங்க பாப்போம்.”

அவனைப் பட்டறைக்கு இழுத்து வந்து ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். கடைந்த சாமானுக்குப் பிசிறு தட்டுவான், அரம் போடுவான். ரோட்டில் மாட்டு வண்டி சத்தம் கேட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான்.

எங்கள் பட்டறைக்கு அடுத்தது பழைய பேப்பர் கடை. கடைக்காரர் என் வயசுக்காரர்; தராசைப் பார்த்துக்கொண்டே பேசுவார், ஆளைப் பார்க்கமாட்டார். ஒருநாள் கொடைக்கானல் பங்களா ஒன்றைக் காலி செய்த சாமான் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியது. மூட்டைகளில் பாதி புத்தகம். அந்த வீட்டு ஆள் பந்தயப் பைத்தியமாக இருந்திருக்க வேண்டும். வழவழப்பான காகிதத்தில், தூக்கினால் கை வலிக்கிற கனத்தில், பக்கத்துக்குப் பக்கம் படம். மேலாக இருந்த ஒன்றைப் பிரித்தேன். தரையோடு படுத்த மாதிரி ஒரு கார், நான்கு சக்கரமும் வெளியே தெரிகிறது.

“இத வச்சு என்னண்ணே பண்ணப் போறீங்க? பொட்டலம் மடிக்கக்கூட ஆகாது, எண்ணெ இழுக்காது” என்றார் கடைக்காரர்.

“நான் படிக்கப் போறேன்யா.”

அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தராசை விட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

பந்தயப் படம் போட்டதையெல்லாம் எடை போட்டு வாங்கிக்கொண்டு வந்து மச்சினன் முன்னால் போட்டேன். மூன்று நாள் தொடவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். “இந்தா, இந்தப் பச்சைக் காருதான் ஜெயிக்கும்.”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, “அதெப்படீங்க மாமா? திருப்பத்துல வெளிய போயிட்டான் பாருங்க. உள்ள வர்ற வெள்ளக்காரு அடிச்சிருவான்” என்றான்.

“வெளிய போனா என்ன மாப்ள? என்ஜின் பெருசா இருக்குமே.”

“என்ஜின் பெருசா இருந்தா இன்னும் வெளிய போவானுங்க.” சோற்றுக் கையோடு எழுந்து வந்துவிட்டான்.

அதற்கப்புறம் மத்தியானம் என்றால் புத்தகம்தான். அந்த இங்கிலீஷில் எங்கள் இருவருக்கும் ஒரு வரி படிக்கத் தெரியாது. அதனால் படத்தைப் பார்த்து நாங்களே பந்தயத்தை நடத்தினோம். மைக்கில் பேசுகிறவரைப் போல அவன் குரலை உயர்த்திச் சொல்ல ஆரம்பித்தான்: “இதோ வருது, இதோ வருது! முதலாவதாக வந்துகொண்டிருப்பது கட்டம் போட்ட சட்டை! குதிரை செவலை! இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் கடும் போட்டி! ரோட்டுல நிக்கிறவங்க ஓரமா ஒதுங்குங்க, குதிரை மேல வந்துரும்!” பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டுப் பையன்கள் சிரிப்பார்கள். சாப்பாடு கொண்டுவந்த என் வீட்டுக்காரி வாசலில் நின்று, “படிக்காத ரெண்டு பேரு படிக்கிற படிப்பப் பாரு” என்பாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். தம்பி குரல் அந்த உயரத்துக்கு எழும்பி வெகுநாள் ஆகியிருந்தது.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன்.

கார்ப் பந்தயப் புத்தகம் தொழில் பண்ணுகிறவன் எவனும் வாங்க வேண்டியது. காரைப் பார்க்க வேண்டாம். ஓடி வந்த காரை நிறுத்தி டயர் மாற்றுகிற படம் ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். சக்கரத்துக்கு இத்தனை பேர் என்று நிற்கிறார்கள். ஒருவன் கை இன்னொருவன் வேலைக்குள் போகவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் என் பட்டறையில் ஸ்பேனர்களைச் சுவரில் வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் அதன் உருவத்தையே பெயிண்டில் வரைந்து வைத்தேன். அப்புறம் திண்டுக்கல்லில் எத்தனையோ பட்டறையில் அப்படி வரைந்தார்கள். யாரைப் பார்த்து என்று கேட்டுப் பாருங்கள்.

சைக்கிள் பந்தயப் புத்தகம் குடும்பஸ்தனுக்கு நல்லது. கொடைக்கானல் மலை ரோடு மாதிரியே வளைவு. ஆனால் ஓரமெல்லாம் பனி. ஒருவன் பின்னால் ஒருவனாக ஒட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். “முன்னால போறவன் பாவமுங்க, காத்து பூராம் அவனுக்கு. பின்னால வர்றவன் அவன் முதுகுல ஒளிஞ்சு வர்றான்” என்று மச்சினன் கண்டுபிடித்தான். என் அண்ணன் தம்பிகளை நினைத்துக்கொண்டேன். நான் முன்னால் போனவன், காற்று முழுக்க எனக்குத்தான் அடித்தது.

குதிரைப் புத்தகம் சுமார். குதிரை அழகு, ஆனால் மேலே இருக்கிற ஆள் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி குனிந்திருக்கிறான். காசு கட்டுகிற ஆட்களின் மூஞ்சிதான் பாதிப் பக்கம். ஓசியில் கிடைத்தால் பார்க்கலாம்.

படகுப் புத்தகத்துக்கு ஈடு எதுவும் இல்லை. நாங்கள் இருவரும் கடலையே சரியாகப் பார்த்ததில்லை. நான் ஒரு தடவை திருச்செந்தூரில் கால் நனைத்திருக்கிறேன், அவ்வளவுதான். பாய் கட்டின படகுகள் கூட்டமாகப் போகின்றன. நடுக்கடலில் ஒரு மஞ்சள் உருண்டை மிதக்கிறது. படகெல்லாம் அதைச் சுற்றித் திரும்புகிறது.

“மாமா, எல்லைங்க! தண்ணிக்குள்ள எல்லை வச்சிருக்கானுங்க!” என்று மச்சினன் கத்தினான். நம்ம டிரம், அவர்களுக்கு மஞ்சள் உருண்டை.

அதற்கடுத்த பக்கத்தில்தான் அவன் இருந்தான், எங்கள் படகுக்காரன். தாடி, உப்புத் தண்ணீர் வடிகிற முகம். எல்லையைத் திரும்பின கையோடு ஒரு சிவப்புக் கொடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறான். பின்னால் இன்னொரு படகு இடிக்கிற மாதிரி நெருங்கி நிற்கிறது.

“கொடி வாங்கிட்டான்!” என்று நானும் அவனும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

வேறு எப்படிச் சொல்வோம்? எல்லை இருக்கிறது, திரும்புகிறான், கையில் கொடி. தண்ணீரில் நின்று யார் கொடி கொடுத்தார்கள் என்று ஒரு பையன் கேட்டான். “படகுல வந்து குடுத்திருப்பாங்கடா” என்று அவன் வாயை அடைத்தோம்.

அந்தப் படகுக்காரன் எங்கள் பட்டறையின் ஆளாகிவிட்டான். மச்சினன் அந்தப் பக்கத்தை அலுங்காமல் பிளேடால் வெட்டி அட்டையில் ஒட்டி லேத்துக்கு மேலே மாட்டினான். சரஸ்வதி பூஜை வந்தது. லேத்துக்கு, வைஸுக்கு, சுவரில் மாட்டின ஸ்பேனருக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவன், படகுக்காரன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்து, சின்னதாக ஒரு கதம்ப மாலையும் போட்டுவிட்டான். “ஜெயிச்ச மனுசனுங்க. இருக்கட்டும்” என்றான். எதுவோ அவனுக்குள் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பூஜைக்கு மறுநாள் டீச்சரம்மா வந்தார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவர்கள், எங்கள் வாடிக்கை. கிரைண்டர் சாஃப்ட் கடையக் கொடுத்திருந்தார்கள். ஸ்டூலில் உட்கார வைத்துப் பொரி கடலை கொடுத்தேன். அவர்கள் கண் லேத்துக்கு மேலே போனது.

“இது யாரு, உங்க குலசாமியா?” என்றார்கள்.

“படகுப் பந்தயத்துல ஜெயிச்சவரு டீச்சர். கொடி வாங்கியிருக்காரு பாருங்க” என்றேன் பெருமையாக.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் படத்தின் கீழே இருந்த வரியைப் படித்தார்கள். திரும்பி என்னைப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. “இவரு ஜெயிக்கலையே.”

“கையில கொடி இருக்கே டீச்சர்!”

“அது பரிசுக் கொடி இல்லப்பா. திரும்புற எடத்துல பின்னால இருக்குற படகு இவர இடிச்சிருச்சாம். ‘என்னை இடிச்சுட்டான், நான் முறையீடு பண்றேன்’னு எல்லாருக்கும் தெரியணும்னு அந்த இடத்துலயே சிவப்புத் துணியத் தூக்கிக் காட்டுறாரு. அவங்க பந்தயத்துல அப்பிடி ஒரு வழக்கமாம்.”

பையன்கள் ‘ஓ’வென்று சிரித்தார்கள். “போச்சு! தோத்தவனுக்கா மாலை போட்டீங்க?” எனக்கே முகம் தொங்கிவிட்டது. கொடைக்கானல் பங்களாக்காரர் புத்தகத்துக்கு நானும் மச்சினனும் இத்தனை மாதம் சொன்ன கதை முழுக்கத் தப்பு என்றால் யாருக்குத்தான் தொங்காது?

மச்சினன் சிரிக்கவில்லை. கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்தான். “அதுக்கப்பறம் என்னாகுமுங்க டீச்சர்?”

டீச்சரம்மா பட்டறை அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, வெட்டின பக்கத்துக்கு முன்னும் பின்னும் புரட்டிப் படித்தார்கள். பொரி நமுத்துப்போகிற அளவுக்கு நேரம் ஆயிற்று. “பந்தயத்த முடிச்சுட்டுக் கரைக்கு வருவாங்களாம். நாலு பேரு கமிட்டியா உக்காந்து ரெண்டு படகுக்காரரையும் கூப்பிட்டு விசாரிப்பாங்களாம். பார்த்த சாட்சி இருந்தா அவங்களையும். தப்பு இடிச்சவன் மேலன்னா அவனப் பந்தயத்துலருந்து எடுத்துருவாங்களாம்.”

“கொடி தூக்குனவனப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்களுங்களா? தோத்ததுக்கு அழுவுறான்னு சொல்ல மாட்டாங்களா?”

“எதுக்குச் சொல்லணும்? இடிச்சா இடிச்சான்னு சொல்றதுல என்ன வெக்கம்?” என்றார்கள் டீச்சரம்மா, வகுப்பில் கேட்கிற மாதிரி.

அவன் படகுக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், அத்தனை நாள் என்னிடமும் அக்காவிடமும் சொல்லாததை, கிரைண்டர் சாஃப்ட் வாங்க வந்த டீச்சரம்மாவிடம் சொன்னான். “என்னையும் அப்படித்தானுங்க இடிச்சான். நான் கொடிக்குக் கை நீட்டறேன். உள்பக்கமா வந்து அவன் அச்சு முனையை என் சக்கரத்துக்குள்ள விட்டுட்டான். தெரிஞ்சேதான் விட்டான். என் மூஞ்சியப் பாத்துட்டே விட்டானுங்க.”

“ஏலே, இத ஏன்டா அன்னிக்கே சொல்லல?” என்று நான் கத்திவிட்டேன்.

“யாருகிட்டச் சொல்றதுங்க மாமா? நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள மைக்குல பரிசு வாசிச்சுட்டாங்க. தோத்தவன் அப்பறம் வாயத் தொறந்தா நம்ம ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். நானே எத்தனை பேரை அப்படிச் சொல்லி விரட்டியிருக்கிறேன். எங்கள் பந்தயத்தில் தோற்றவன் பேசக் கூடாது. அதுதான் வழக்கம்.

இனி அந்தப் பழைய பந்தயத்தை யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. ஆனால் நான் சும்மா இருக்கிற ஆளா? அடுத்த திருவிழாவுக்கு முன்னால் படகுப் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, மச்சினனையும் டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, அவன் விழுந்த அந்த ஊரின் பந்தயக் கமிட்டித் தலைவரிடம் போனேன். அவர் தென்னந்தோப்புக்காரர். இளநீர் வெட்டிக் கொடுத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு தோப்பே அதிரச் சிரித்தார்.

“ஏப்பா, கடல்ல ஓடுற சட்டத்தக் கொண்டாந்து செம்மண் ரோட்டுல ஓட்டச் சொல்றியாக்கும்? அப்பிடியே மாட்டுக்கு ஒரு பாயும் கட்டிவிட்ரு.”

“கட்டுனா என் மாடு அதையும் இழுத்துட்டு மொதல்ல வரும். நீங்க சட்டத்தச் சொல்லுங்க. போன வருசம் எல்லையில ரெண்டு வண்டி பொரண்டுச்சு. அதுக்கு முந்தி இவன். அடுத்து எவன் வீட்டுல எழவு விழுகணும்? ஓட்டுற ஆளு இடுப்புல ஆளுக்கு ஒரு செவப்புத் துணி. இடிச்சா தூக்கட்டும். எல்லையில ஒருத்தர் நின்னு பாக்கட்டும். முடிஞ்சதும் விசாரிப்போம். பரிசு அப்பறம் வாசிப்போம். அம்புட்டுத்தான்.”

தலைவர் புத்தகத்தைப் புரட்டினார். மஞ்சள் உருண்டையைச் சுற்றின படகுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பாக்குற ஆளு எவன் நிப்பான்? எல்லையில நிக்கிறவன் மாட்டுக் கால்ல விழுந்து சாகவா?”

“என் மச்சினன் நிப்பான்.”

மச்சினன் இளநீரைக் கீழே வைத்துவிட்டான். தலைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கும் அந்தப் பேச்சு தெரியும். “சரி, நிக்கட்டும். ஆனா ஒண்ணு. இவன் கண்ணால பாத்துச் சொன்னது சொன்னதுதான். பெரிய ஆளுன்னுட்டு நீ பின்னால வந்து மாத்திப் பேசக் கூடாது.”

“நான் எதுக்குப் பேசப் போறேன்?” என்றேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

திரும்பி வரும் வழியில் மச்சினன் பொருமினான். “என்னைய எதுக்குங்க மாமா சொன்னீங்க? வித்தவன் வந்து நிக்கறான்னு ஊரே சொல்லும்.”

“சொல்லட்டும். நீ வீட்டுக்குள்ள இருந்தாலும் அதத்தான சொல்றான்? வெளிய வந்து கேளு. சத்தம் நல்லாக் கேக்கும்.”

பந்தயத்தன்று நானும் எல்லைக்கே போய்விட்டேன். என் வண்டிக்கு அப்போது புதிதாக ஓர் ஓட்டுகிறவன், துடியானவன். இடுப்பில் சிவப்புத் துணியைச் செருகும்போதே, “இது என்ன, கறிக்கடைத் துணியா?” என்று கேலி பண்ணினான். எல்லாரும் கேலிதான் பண்ணினார்கள். மச்சினன் கைக்கம்பை ஊன்றிக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றான். ரோட்டோரப் புளியமரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவன் கத்தினான்: “யோவ், இன்னிக்கு எம்புட்டுக்குய்யா வித்த?” மரமே சிரித்தது. மச்சினன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வண்டி வரும் திசையைத்தான் பார்த்தான்.

முதலில் புழுதி தெரிந்தது. அப்புறம் சலங்கைச் சத்தம். முன்னால் வேடசந்தூர்ப் பக்கத்து வண்டி, அதன் வால் மேல் ஏறுகிற மாதிரி என் வண்டி. டிரம்மைத் திரும்பும்போது என் ஆள் உள்பக்கம் மாட்டை விட்டான். முன் வண்டி சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியது, ஆடியது, எப்படியோ தரையில் உட்கார்ந்தது. அதற்குள் என் வண்டி கொடியை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டது. எனக்குப் புழுதிதான் தெரிந்தது. புழுதிக்குள் இன்னொன்றும் தெரிந்தது. முன் வண்டிக்காரர் இடுப்பைத் தடவி, ஒரு நிமிஷம் தயங்கி, சிவப்புத் துணியை உருவித் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அசப்பில் எங்கள் படகுக்காரன் மாதிரியே இருந்தது. தாடி மட்டும் இல்லை.

என் வண்டிதான் முதலாவதாக வந்தது. நான் டிவிஎஸ்ஸில் துரத்திப் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் என் ஆளைத் தோளில் தூக்கியிருந்தது. ஆனால் மைக் வாய் திறக்கவில்லை. பித்தளை அண்டாவும் கோப்பையும் மேஜை மேலேயே இருந்தன. தலைவர் மச்சினனை வண்டி அனுப்பிக் கூட்டி வரச் சொன்னார்.

“நான் இடிக்கல. அவரா வந்து விழுந்தாரு” என்றான் என் ஆள்.

“இடிச்சாப்ல” என்றார் துணி தூக்கினவர். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. பழக்கமில்லையே.

தலைவர் மச்சினனைப் பார்த்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. ஒங்கக்கா வீட்டுக்காரர் வண்டி.”

“வண்டி அவருதுங்க. தப்பும் அந்த வண்டியோடதுங்க. அச்சு முனை சக்கரத்துல பட்டுச்சு. நான் பாத்தேன்” என்றான். குரலை மெதுவாக வைக்கவில்லை. மைக்கில்லாமலே கூட்டத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

என் வாய்வரை ஒரு கெட்ட வார்த்தை வந்தது. விழுங்கினேன். தோப்பில் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அந்த அண்டா ஒரு பக்கம். தலைவர் என்னைப் பார்த்தார், கூட்டம் பார்த்தது. நான் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். “வாசிங்கய்யா பரிச. நேரமாகுதுல்ல?” என்றேன்.

என் வண்டியைப் பந்தயத்திலிருந்து எடுத்துவிட்டு மற்ற வண்டிகளுக்கு வாசித்தார்கள். துணி தூக்கினவருக்கு அண்டா போனது. அப்போது எனக்குப் பின்னால், எல்லைப் புளியமரத்திலிருந்து இறங்கி, மச்சினன் வந்த வண்டியிலேயே தொற்றி வந்திருந்த அதே குரல் யாரிடமோ சொன்னது: “சொந்த மாமன் வண்டியவே எடுத்துட்டான்யா. இவனா விப்பான்?”

நான் பட்டறை போட்டது, பேரிங் வைத்தது, புத்தகம் வாங்கியது எதுவும் அந்த ஒரு வாக்கியம் செய்த வேலையைச் செய்யவில்லை. அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் எங்கே பந்தயம் என்றாலும் எல்லைக்கு அவனைத்தான் கூப்பிட்டார்கள். வண்டி அனுப்பி, மாலை போட்டுக் கூப்பிட்டார்கள். அவனை அந்த எல்லைக்கு அனுப்பியது யார் என்பதையும் நீங்கள் மறக்கக் கூடாது.

அன்றைக்கு மாடுகளை வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். அண்டா போன வருத்தம் இருக்கத்தானே செய்யும். மச்சினன் பின்னால் மாட்டோடு உட்கார்ந்திருந்தான். வேடசந்தூர் தாண்டினதும் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“மாமா, செவலைய இடப்பக்கம் கட்டாதீங்க. திருப்பத்துல உள்ள சாயுது. அதனாலதான் இடிச்சுது. நாளைக்கு நான் வந்து மாத்திக் கட்டறேன்.”

விழுந்த நாளிலிருந்து மாட்டைப் பற்றி அவன் பேசிய முதல் பேச்சு. நான் முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கண்ணில் புழுதி.

ஆகவே, பந்தயப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: கார் வாங்குங்கள், சைக்கிள் வாங்குங்கள், குதிரையை விட்டுவிடுங்கள். ஆனால் முதலில் படகுப் புத்தகத்தை வாங்குங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் பரவாயில்லை, படித்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டுமென்றால் என் வீட்டுக்கே வரலாம். என் புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் இருக்காது. அது இப்போது கீரனூரில், சொந்த ஊருக்கே திரும்பிவிட்ட மச்சினன் வீட்டு நடுச்சுவரில் இருக்கிறது. சரஸ்வதி பூஜைக்கு இன்றும் பொட்டு உண்டு.